நாயனத்தில் வாசித்தால் பாட்டு நம்முடையது ஆகிவிடுமா?

கேள்வி: நானும் அண்ணனும் நாகஸ்வரக் கலைஞர்கள். ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டை இரண்டு நாயனம், தவிலோடு பதிவு செய்திருக்கிறோம். யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் போட ஆசை. 'ராகமாக மாற்றிவிட்டீர்கள், காப்பிரைட் வராது' என்கிறார் ஒருவர். 15,000 ரூபாய் கொடுத்தால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கித் தருவதாகச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அந்த 15,000 ரூபாயைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பி மைனரில் அமைந்த அந்தப் பாட்டு நாயனத்தில் ஏறக்குறைய நடபைரவி ராகமாக ஒலிக்கும்; எஃப் ஷார்ப் கார்டு வரும் இடத்தில் கீரவாணி ராகத்தின் நிஷாதம் எட்டிப் பார்க்கும். கடைசியில் வரும் இரட்டை கிட்டாரை அண்ணனும் நீங்களும் பிரித்து வாசித்திருப்பீர்கள். அந்தக் கமகமும் தவிலின் நடையும் உங்கள் உழைப்பு. உங்கள் செலவில் செய்த பதிவும் உங்களுடையது. ஆனால் மெட்டு, அதை எழுதிய டான் ஃபெல்டர், டான் ஹென்லி, கிளென் ஃப்ரே ஆகிய மூவருடையது. கருவி மாறினாலும் அது மாறாது. பாட்டு வேறு, பதிவு வேறு. இதைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யூடியூபில் போட்டதும் பெரும்பாலும் 'கிளெய்ம்', அதாவது பாட்டின் உரிமையாளர் தரப்பிலிருந்து உரிமைக் கோரிக்கை, வரும். பயந்துபோய் வீடியோவை அழிக்காதீர்கள். அது சேனலுக்கு எதிராகப் பதிவாகும் 'ஸ்ட்ரைக்' அல்ல. விளம்பர வருமானம் பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளருக்குப் போகும், அவ்வளவுதான். அவர் நினைத்தால் வீடியோவை முடக்கவும் முடியும். 'இது எங்கள் சொந்த இசை' என்று மட்டும் டிஸ்ப்யூட் (மறுப்பு) போட்டுவிடாதீர்கள்; வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பதிப்பாளர் அதை ஏற்காமல் வீடியோவை நீக்கச் சொன்னால் ஸ்ட்ரைக் விழும். 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். 'உரிமை மீறும் நோக்கமில்லை' என்று கீழே எழுதி வைப்பதால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

ஸ்பாட்டிஃபைக்கு, பதிவுகளைத் தளங்களில் கொண்டு சேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். அவர்களுடைய படிவத்தில் 'கவர்' (பிறர் பாட்டின் மறுபதிவு) என்று குறித்து, எழுதியவர்கள் இடத்தில் அந்த மூன்று பெயர்களையும் போடுங்கள். கலைஞர் இடத்தில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். ஈகிள்ஸ் பெயரோ படமோ அட்டையில் வரக் கூடாது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கென்றே 31சி என்ற பிரிவு 2012-இல் சேர்க்கப்பட்டது. முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கடந்த பாட்டுக்கு நோட்டீஸ் கொடுத்து, ராயல்டியை முன்கூட்டியே கட்டி கவர் செய்யலாம். நல்ல யோசனைதான். ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்குக் கட்ட வேண்டுமாம்! கேசட் கடை காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு, வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்யும் இரண்டு பேரை எங்கே கொண்டு நிறுத்துவது? ராயல்டித் தொகையை நிர்ணயிக்க வேண்டிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தையும் 2021-இல் கலைத்துவிட்டார்கள். இனி அதற்கும் வணிக நீதிமன்றப் படி ஏற வேண்டும். கலைஞனை நினைத்து எழுதிய சட்டம் இப்படியா இருக்கும்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடுத்ததாகத் தமிழ் வரிகள் போட்டுப் பாடலாம் என்று தோன்றும். வேண்டாம். மூல வரிகளை மொழிபெயர்த்தால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். மொழிபெயர்க்காமல் அதே மெட்டில் முருகன் பாட்டு ஒன்றைப் புதிதாக எழுதி வைத்தாலும் மெட்டுக்கு அனுமதி வேண்டும். பக்திப் பாட்டு என்பதாலோ இலவசமாகக் கொடுப்பதாலோ விலக்கு கிடைக்காது. மெட்டையும் வரிகளையும் மாற்றாதவரைதான் அது கவர். வரிகள் மாறினால் விஷயமே வேறு.

இப்போது அந்த என்.ஓ.சி. ஆளுக்கு வருவோம். இவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காகிதத்தில் முத்திரை பெரிதாக இருக்கும், 'உலகம் முழுவதும், எல்லாத் தளங்களிலும்' என்று இருக்கும். பாட்டின் பதிப்பாளர் பெயரைத் தேடிப் பாருங்கள், இருக்காது. பதிப்பாளரின் கையெழுத்து இல்லாத என்.ஓ.சி.யை யூடியூபும் மதிக்காது, நீதிமன்றமும் மதிக்காது. கூடவே இன்னொரு பக்கத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் உங்கள் பதிவின் உரிமையை அவர் பெயருக்கு மாற்றும் வரி இருக்கும். உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து அந்தப் பதிவுதான். ஆங்கிலத்தில் 'அசைன்' (உரிமையை மாற்றிக் கொடுப்பது) என்ற சொல் எந்தப் பக்கத்தில் வந்தாலும் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.