‘சர்க்கிள்’ வந்தால் இத்தாலியனில் எந்த வட்டத்தைப் போடுவது?

கேள்வி: இரண்டு ஆண்டு இத்தாலியன் படித்துவிட்டு, ஓர் ஏஜென்சி மூலம் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். ‘சர்க்கிள்’ வந்த இடமெல்லாம் ‘செர்க்கியோ’ என்று போட்டேன். பாதிக்கு மேல் தவறு என்று பணத்தைக் குறைத்துவிட்டார்கள். அகராதியைப் பார்த்தால் ஏழெட்டுச் சொல் இருக்கிறது. எதை எங்கே போடுவது?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்தச் சொல் உங்களுக்கு வாக்கியத்தோடு வந்ததா, எக்செல் பட்டியலின் ஒரு கட்டத்துக்குள் தனியாக வந்ததா? தனியாக வந்திருந்தால் தவறில் ஏஜென்சிக்கும் பங்கு உண்டு. அதைப் பிறகு பேசுவோம்.

தமிழிலேயே பாருங்கள். நண்பர்கள் என்றால் வட்டம், கண்ணுக்குக் கீழே வந்தால் கருவளையம், எதிரியை என்றால் சுற்றி வளைக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ‘சர்க்கிள்’ வரும். இத்தாலியன் இந்த விஷயத்தில் நம் பக்கம்.

வடிவம் என்றால் செர்க்கியோ. (அந்த ‘செ’யை ‘பச்சை’யில் வரும் ‘ச்ச’ போல அழுத்திச் சொல்லுங்கள்.) தரையில் கிழித்த வட்டம், பீப்பாய்க்குப் போடும் இரும்புப் பட்டை, வயலில் கதிர்கள் வட்டமாகப் படுத்துக் கிடக்கும் மர்மம், இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்தில் இருக்கும் 9 அடுக்குகள் எல்லாம் செர்க்கியோ. மனிதர்கள் வந்துவிட்டால் செர்க்கியா. நண்பர் வட்டம், குடும்ப வட்டம், நெருங்கியவர்களின் வட்டம். ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலையும் இதே சொல்லால்தான் சொல்வார்கள். அந்த மனிதர்களே உறுப்பினர் அட்டை, தலைவர், கூட்ட அறை என்று ஓர் அமைப்பாகிவிட்டால் அது சிர்க்கொலோ. டென்னிஸ் கிளப்பும் இலக்கிய வட்டமும் சிர்க்கொலோ. நண்பர் வட்டத்துக்குச் சிர்க்கொலோ போட்டால், சந்தா கட்டிச் சேர்ந்த நண்பர்கள் போல ஒலிக்கும்.

செர்க்கியோவும் சிர்க்கொலோவும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஒன்று மக்கள் வாயில் புழங்கித் தேய்ந்தது. மற்றது படித்தவர்கள் லத்தீனிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால்தான் ஆர்க்டிக் வட்டமும், சிக்கினால் மீள முடியாத ‘விஷச் சுழல்’ என்கிறோமே அதுவும் சிர்க்கொலோ. ஆனால் வட்டத்தைச் சதுரமாக்கும் பழைய கணிதப் புதிருக்குச் செர்க்கியோதான். இதில் காரணம் தேடாதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள்.

கணிதப் பாடம் மொழிபெயர்த்தீர்களா? நிறையப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். காம்பஸை எடுத்து 5 செ.மீ. ஆரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பென்சில் விட்டுப்போன கோடு இருக்கிறதே, அது சிர்க்கொன்ஃபெரென்ட்ஸா. இப்போது உள்ளே வண்ணம் தீட்டுங்கள். அந்த வண்ணப் பரப்புதான் செர்க்கியோ. ஆங்கிலம் இரண்டையும் ‘சர்க்கிள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஆகவே வட்டத்தின் பரப்பளவு என்றால் செர்க்கியோவின் பரப்பளவு. ஆனால் வட்டத்தின் சமன்பாடு, அதாவது எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் சேர்ந்தால் 25 என்பது, கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும். உள்ளே இருக்கும் புள்ளிக்குப் பொருந்தாது. அதனால் அது சிர்க்கொன்ஃபெரென்ட்ஸாவின் சமன்பாடு. ஆங்கிலத்தில் அதே ஒலியில் ஒரு சொல் சுற்றளவுக்கு இருப்பதால், ‘இது நீளமாயிற்றே, வடிவம் இல்லையே’ என்று தயங்குவீர்கள். இத்தாலியனில் அந்தச் சொல் கோட்டையும் குறிக்கும், கோட்டின் நீளத்தையும் குறிக்கும். இத்தாலியப் பள்ளி ஆசிரியர் இங்கே செர்க்கியோவைப் பார்த்தால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார்.

சில இடங்களில் வட்டமே காணாமல் போய்விடும். கண்ணுக்குக் கீழே வரும் கருவளையம் ஒக்கியாயே. அது கண்ணிலிருந்து பிறந்த சொல். சாலைச் சந்திப்பில் வண்டிகள் சுற்றிப் போகும் திடல் ரொத்தாத்தோரியா. நாடக அரங்கின் மாடி இருக்கைகள் கல்லெரியா.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். ‘சரியான விடையை வட்டமிடு’ என்பதில் ‘சர்க்கிள்’ வினைச்சொல். இத்தாலியனில் அந்தக் கட்டளை ‘செர்க்கியா’ என்று வரும். நண்பர் வட்டத்துக்குச் சொன்னோமே, எழுத்துக்கு எழுத்து அதே சொல். இது போதாதென்று, ‘செர்க்கி’ என்றால் ‘வட்டங்கள்’, ‘நீ தேடுகிறாய்’ இரண்டும்தான். வாக்கியம் இல்லாமல் இதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கும் முடியாது.

ஆனாலும் ஏஜென்சிகள் எக்செல் பட்டியலில் சொல்லை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்புவார்கள். அதைவிட மோசம் மொழிபெயர்ப்பு மென்பொருள். ஒரு சொல்லுக்கு முதலில் எதைப் போட்டீர்களோ, அதையே அடுத்த நாற்பது இடத்திலும் நிரப்பிவிடும். திரும்ப வரும் சொல்லுக்குக் கட்டணம் கால்வாசி, சிலர் அதுவும் தருவதில்லை. ஒவ்வோர் இடத்தையும் நின்று பார்க்கிறவருக்குக் காசு கிடையாது, ஆனால் பார்க்காமல் விட்டால் அபராதம். இதற்கு ‘தரக் கட்டுப்பாடு’ என்று பெயர் வேறு! அப்புறம், ‘சரிபார்த்த சொற்பட்டியல்’ என்று விலைக்கு விற்பவர்கள். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல். நானும் ஆரம்பத்தில் ஒன்று வாங்கினேன். அதில் கருவளையத்துக்குக் ‘கறுப்புச் செர்க்கியோ’ என்று இருந்தது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

உங்கள் பணத்துக்கு வருவோம். திருத்திய கோப்பை மாற்றங்கள் தெரியும்படி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ‘பாதிக்கு மேல் தவறு’ என்பது வெறும் வாய்வார்த்தை. வாக்கியத்தோடு வந்தவற்றில் தவறியிருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தனிச் சொல்லாக வந்தவற்றை எண்ணி, அவற்றுக்குப் பிடித்த தொகையைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில். அடுத்த வேலையில், தொடங்கும் முன்பே ‘இந்தச் சொல் எந்தத் திரையில், எந்தப் பக்கத்தில் வருகிறது?’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் கேட்ட தேதி அதில் இருக்கும்.