272 என்ற எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

2024 மக்களவைத் தேர்தலைப் பற்றியும் அதன் பின்னர் ஆட்சி அமைந்த விதம் பற்றியும் வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். சில கேள்விகள் கட்சிகளை ஏசுவதற்காகவே எழுதப்பட்டவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, விளக்கம் கேட்டு எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆட்சி அமைக்க 272 உறுப்பினர்கள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பை நூலகத்தில் எடுத்துத் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு விதி கண்ணில் படவில்லை. எந்தப் பிரிவில் இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள், அப்படி ஒரு பிரிவு இல்லை. 75ஆம் பிரிவு பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது. பிரதமர் நியமனம் பற்றிச் சட்டம் சொல்வது ஏறக்குறைய அவ்வளவே. அவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவரைத்தான் நியமிக்க வேண்டும் என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதால் கிடைக்கும் முடிவு. 543இல் பாதிக்கு மேல் 272 என்பது வெறும் கணக்கு.

அந்தக் கணக்கும் எப்போதும் தேவைப்படுவதில்லை. அவையில் அன்று வந்திருந்து வாக்களித்தவர்களில் யாருக்குப் பெரும்பான்மை என்பதே பார்க்கப்படுகிறது. 1991இல் பி.வி. நரசிம்ம ராவ் பிரதமரானபோது காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடையாது; அவரே அப்போது நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர், பிறகு நந்தியால் இடைத்தேர்தலில் வென்று அவைக்கு வந்தார். 1993 ஜூலையில் அவருடைய அரசுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 251 பேரும் எதிராக 265 பேரும் வாக்களித்தார்கள். இரு தரப்பாரும் 272ஐத் தொடவில்லை. ஆயினும் அரசு பிழைத்து, ஐந்து ஆண்டுகளை முழுமையாக ஓட்டியது. ஆகவே குடியரசுத் தலைவர் தேட வேண்டியவர் 272 தலைகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் என்பதைவிட, அவையில் தோற்கடிக்கப்பட முடியாதவர் என்பதே பொருத்தம்.

அந்த 1993 வாக்கெடுப்பில் சில உறுப்பினர்கள் பணம் வாங்கிக்கொண்டு அரசைக் காப்பாற்றினார்கள் என்ற வழக்கு பின்னர் எழுந்தது. பணம் வாங்கி அவையில் வாக்களித்தவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் கூறிய விந்தையான தீர்ப்பை, 2024 மார்ச்சில்தான், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு மாற்றி எழுதியது.

கேள்வி: எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், அதிக இடங்களை வென்ற கட்சியைத்தானே குடியரசுத் தலைவர் முதலில் அழைக்க வேண்டும்? 1996இல் அப்படித்தானே நடந்தது?
– வாசகி, கரூர்

பதில்: 1996இல் அப்படி நடந்தது, அதற்கு முன்பும் நடந்தது. ஆனால் 1996இல் கிடைத்த பட்டறிவால்தான் அந்த வழக்கம் மாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1989 தேர்தலில் 197 இடங்களுடன் காங்கிரஸ் முதலிடத்தில் இருந்தது. ராஜீவ் காந்தி ஆட்சி அமைக்க முன்வரவில்லை. அதன் பிறகே, 143 இடங்களை வைத்திருந்த ஜனதா தளத்தின் வி.பி. சிங்கை, பாரதிய ஜனதா கட்சியும் இடதுசாரிக் கட்சிகளும் வெளியிலிருந்து தரும் ஆதரவின் பேரில், அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அழைத்தார். பட்டியலில் முதலில் நிற்பவரைக் கேள், அவர் மறுத்தால் அடுத்தவரிடம் போ என்ற இந்த முறையில் ஒரு வசதி உண்டு: குடியரசுத் தலைவர் தம் சொந்த மதிப்பீட்டை எங்கும் நுழைக்க வேண்டியதில்லை, எனவே அவர் மீது பழியும் வராது.

1996இல் சங்கர் தயாள் சர்மாவும் இதே வழியில்தான் சென்றார். 161 இடங்கள் பெற்ற பாரதிய ஜனதா கட்சியின் அடல் பிஹாரி வாஜ்பாய் மே 16 அன்று பதவியேற்றார். பெரும்பான்மையைத் திரட்ட முடியவில்லை. மே 28 அன்று விவாதத்தின் முடிவில், வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகினார். அதன் பிறகு ஜூன் 1ஆம் நாள், திமுகவும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசும் இடம்பெற்ற ஐக்கிய முன்னணியின் சார்பில் தேவே கௌடா பிரதமரானார். 13 நாள் அரசு நாட்டுக்குப் பெரிய கேடு எதையும் செய்துவிடவில்லை. ஆனாலும், எண்ணிக்கை கைவசம் இல்லை என்பது முன்கூட்டியே தெரிந்த ஒருவரைப் பதவியில் அமர்த்தி, பெரும்பான்மையைத் தேடிக்கொண்டு வாருங்கள் என்று சொல்வது, குதிரை பேரத்துக்கு அரசே பந்தல் போட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்ற விமரிசனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

எனவே 1998இல் கே.ஆர். நாராயணன் வேறு வழியை எடுத்தார். 182 இடங்களுடன் முதலிடத்தில் இருந்த வாஜ்பாயை உடனே பதவியேற்க அழைக்காமல், ஆதரவுக் கட்சிகளின் கடிதங்களைக் கேட்டார். 18 இடங்களை வென்றிருந்த அதிமுகவின் கடிதம் சில நாள்கள் வராமல் போக, டெல்லி முழுவதும் சென்னையை நோக்கிக் காத்திருந்தது. கடிதம் வந்த பிறகே மார்ச் 19 அன்று பதவியேற்பு நடந்தது. அன்று வழக்கத்துக்கு வந்த அந்த ஆதரவுக் கடிதம், ஒரு சட்டப் பிரிவிலும் இடம்பெறாமலேயே, இன்று ஆட்சி அமைப்பில் தவிர்க்க முடியாத ஆவணமாகிவிட்டது. என் பார்வையில் நாராயணன் செய்ததே சரி. குடியரசுத் தலைவரின் வேலை, பதவியேற்பு மேடைக்கு ஆள் சேர்ப்பது அன்று, நிலைக்கக்கூடிய அரசைக் கண்டறிவது.

அடுத்த ஆண்டே அதே அதிமுக ஆதரவைத் திரும்பப் பெற்றது. 1999 ஏப்ரல் 17 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் வாஜ்பாய் அரசு தோற்றது. அன்று சபாநாயகராக இருந்தவர் தெலுங்கு தேசம் கட்சியைச் சேர்ந்த பாலயோகி. சமநிலை ஏற்பட்டால் மட்டுமே சபாநாயகர் வாக்களிக்க முடியும். எதிரணியில் ஒரு வாக்கு குறைந்திருந்தால் அந்த வாய்ப்பு அவருக்கு வந்திருக்கும், அவருடைய கட்சியோ அரசை ஆதரித்துக்கொண்டிருந்தது. கூட்டணி ஆட்சி அமையும்போதெல்லாம் சபாநாயகர் பதவியை யாருக்குத் தருவது என்று கட்சிகள் ஏன் அத்தனை நேரம் பேசுகின்றன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அரசு வீழ்ந்த பிறகு, 272 பேரின் ஆதரவு இருக்கிறது என்று சோனியா காந்தி உரிமை கோரினார்; சமாஜ்வாதி கட்சி கைவிரித்ததால் அந்த எண்ணிக்கை சேரவில்லை. ஏப்ரல் 26 அன்று மக்களவை கலைக்கப்பட்டது.

2024இல் இந்தச் சிக்கல் எதுவும் எழவில்லை. பாரதிய ஜனதா கட்சி தனியாக 240 இடங்களே பெற்றது என்றாலும், தேர்தலுக்கு முன்பே அமைந்திருந்த அதன் கூட்டணிக்கு 293 இடங்கள் இருந்தன. தேர்தலுக்கு முந்தைய கூட்டணிக்கு முதல் இடம் தர வேண்டும் என்று, ஆளுநர்கள் முதலமைச்சரைத் தேர்வு செய்வது பற்றிப் பேசும்போது, மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா குழு 1988இல் பரிந்துரைத்தது. மத்தியிலும் அதே அளவுகோல் பொருந்திவிட்டது. ஜூன் 4இல் வாக்கு எண்ணிக்கை, 7இல் உரிமை கோரல், 9இல் பதவியேற்பு என்று ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

கேள்வி: ஜூன் 5 அன்று பிரதமர் பதவி விலகினார், 17ஆவது மக்களவையும் கலைக்கப்பட்டது. ஜூன் 9 வரை நாட்டை ஆண்டது யார்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: பதவி விலகிய அதே அமைச்சரவைதான், குடியரசுத் தலைவர் கேட்டுக்கொண்டபடி தொடர்ந்தது. பத்திரிகைகள் இதைக் காபந்து அரசு என்று எழுதும். அரசமைப்புச் சட்டத்தில் இந்தச் சொல்லும் கிடையாது.

இது பற்றிய முக்கியமான வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. 1970 டிசம்பரில் மக்களவை கலைக்கப்பட்ட பிறகு, பொறுப்புச் சொல்ல அவையே இல்லாதபோது இந்திரா காந்தி எப்படிப் பிரதமராகத் தொடர முடியும் என்று யு.என்.ஆர். ராவ் என்பவர் கேட்டார். கேள்வியில் தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை கூற எப்போதும் ஓர் அமைச்சரவை இருந்தே ஆக வேண்டும் என்று 74ஆம் பிரிவைக் காட்டி 1971இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. புதிய கொள்கை முடிவுகளைத் தவிர்த்து அன்றாட நிர்வாகத்தை மட்டும் கவனிப்பது மரபு. அந்த மரபுக்கும் எல்லை உண்டு: 1999இல் கார்கில் போரை நடத்தியது, அவையில் தோற்றுக் காபந்து நிலையில் இருந்த வாஜ்பாய் அரசுதான்.

கேள்வி: அமைச்சர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: உண்டு. 2003இல் நிறைவேறிய 91ஆவது திருத்தத்தின்படி, பிரதமரையும் சேர்த்து மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; அதாவது 81 பேர். 2024 ஜூன் 9 அன்று பிரதமருடன் சேர்த்து 72 பேர் பதவியேற்றார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் 39 இடங்களையும் திமுக கூட்டணி வென்றது. மத்தியில் அமைந்ததோ வேறு அணியின் ஆட்சி. நாம் போட்ட வாக்குகள் வீண்தானே?
– வாசகி, காரைக்குடி

பதில்: வருத்தம் புரிகிறது, ஆனால் வீண் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். 1996 முதல் 2013 வரை ஏறத்தாழத் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டுக் கட்சி ஏதேனும் ஒன்று மத்திய அமைச்சரவையில் இருந்ததால், தேர்தல் என்றால் டெல்லியில் இலாகா பெறுவது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. எதிர்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்பதும் நாடாளுமன்ற உறுப்பினரின் வேலையே. தவிர, 2024இல் அமைந்த அமைச்சரவையில் தமிழர்களே இல்லை என்றும் சொல்ல முடியாது; நிர்மலா சீதாராமன், ஜெய்சங்கர், எல். முருகன் மூவரும் வேறு மாநிலங்களிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானவர்கள்.

உண்மையில் வீணாகும் வாக்குகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், நம் தேர்தல் முறையைத்தான் பார்க்க வேண்டும். 2014இல் தமிழ்நாட்டில் 23 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்ற திமுகவுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2024இல் சுமார் 20 விழுக்காடு பெற்ற அதிமுகவுக்கும் அதே கதி. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், பாரதிய ஜனதா கட்சியின் வாக்கு 2019இல் 37.36 விழுக்காடு, 2024இல் 36.56 விழுக்காடு. ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. இடங்களோ 303இலிருந்து 240க்கு இறங்கின. வாக்குகள் எத்தனை என்பதைப் போலவே அவை எந்தத் தொகுதிகளில் விழுந்தன என்பதும் ஆட்சியை முடிவு செய்கிறது. பெற்ற வாக்குகளின் விகிதத்துக்கு ஏற்பக் கட்சிகளுக்கு இடங்களைப் பகிரும் விகிதாசார முறை வந்தால் இது மாறும். ஆனால் அப்போது எந்தக் கட்சிக்கும் எளிதில் பெரும்பான்மை கிடைக்காது, ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ஆதரவுக் கடிதங்களுக்காகக் காத்திருக்க நேரிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பத்தாண்டுகளாக மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமல் இருந்தது ஏன்?
– வாசகர், வேலூர்

பதில்: அவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 உறுப்பினர்கள் இருந்தால்தான் அந்தப் பதவி என்ற நடைமுறையால். காங்கிரசுக்கு 2014இல் 44, 2019இல் 52. 2024இல் 99 கிடைத்ததால் ராகுல் காந்தி எதிர்க்கட்சித் தலைவரானார். எதிர்க்கட்சித் தலைவரின் ஊதியம் பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டம், எதிர்க்கட்சிகளில் அதிக உறுப்பினர்களைக் கொண்டதும் சபாநாயகர் ஏற்றுக்கொண்டதுமான கட்சியின் தலைவர் என்றுதான் வரையறுக்கிறது. பத்தில் ஒரு பங்கு என்ற நிபந்தனை அதில் இல்லை. தஞ்சாவூர் ஆசிரியர் இதையும் தம் தேடலில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: குடியரசுத் தலைவரிடம் ஆதரவுக் கடிதம் கொடுத்த கட்சி மறுநாளே மனம் மாறினால், அது கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் அகப்படாதா?
– வழக்குரைஞர், மதுரை

பதில்: சட்டம் தெரிந்த நீங்கள் எங்களைச் சோதிக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது, அரசமைப்புச் சட்டத்தில் 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையைத்தான்; அது உறுப்பினரை அவருடைய கட்சியோடு கட்டுகிறது. கட்சியைக் கூட்டணியோடு கட்டவில்லை. கொறடாவின் உத்தரவை மீறும் தனி உறுப்பினர் பதவியை இழப்பார்; கட்சி முழுவதுமாக அணி மாறினால் கேட்பாரில்லை.

2008 ஜூலையில் அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவைத் திரும்பப் பெற்றன. 1999இல் சோனியா காந்திக்குக் கைவிரித்த அதே சமாஜ்வாதி கட்சி இம்முறை காங்கிரசுக்குக் கை கொடுத்தது. ஜூலை 22 அன்று, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர், தங்களுக்கு லஞ்சமாகத் தரப்பட்டவை என்று சொல்லி, ரூபாய்க் கட்டுகளை அவைக்குள்ளேயே கொண்டுவந்து கொட்டிக் காட்டிய அந்த நாளில், 275க்கு 256 என்ற வாக்குகளில் அரசு தப்பியது. கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்தவர்கள் மீது நடவடிக்கைகள் பாய்ந்தன. ஆதரவைத் திரும்பப் பெற்ற கட்சிகளுக்கும், புதிதாக ஆதரவு தந்த கட்சிக்கும் பத்தாவது அட்டவணையால் ஒரு தொல்லையும் நேரவில்லை.