ஸ்காபரோ வளவில் கொச்சி மிளகாய் ஏன் பழுப்பதில்லை?

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். கிளிநொச்சியில் அம்மா பழுக்கவிட்டு வெயிலில் காயவைத்துத் தந்த கொச்சி மிளகாய் விதையை ஏப்ரல் முதல் கிழமையில் சமையலறை யன்னலோரம் சாடியில் போட்டேன். முளைக்கவே மூன்று கிழமை சென்றது. மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறையில் பின்வளவில் நட்டேன். ஓகஸ்ட் கடைசியில்தான் பூத்தது. இப்போது செப்டெம்பர் நடுப்பகுதி. நான்கு செடியிலும் சின்னச் சின்னப் பச்சைக் காய்கள், ஒன்றுகூடப் பழுக்கவில்லை. மண் சரியில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கடையில் ஒரு வளர்ச்சி ஊக்கிப் போத்தல் தந்தார்கள், இன்னும் திறக்கவில்லை. ஊற்றலாமா? அடுத்த வருடம் கன்றாகவே வாங்கிவிடலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். உங்கள் மண்ணில் குறையில்லை. மண் கெட்டிருந்தால் நான்கு செடியும் பூத்துக் காய்த்திருக்காது. உங்களுக்குப் போதாமல் போனது நாள். இந்தச் செடிகளுக்கு இன்னும் ஆறேழு கிழமைச் சூடு வேண்டும், அது ரொறன்ரோவில் இனி அடுத்த யூனில்தான் கிடைக்கும். அந்த ஆறேழு கிழமையை நீங்கள் இழந்தது இந்தச் செப்டெம்பரில் அல்ல, போன பெப்ரவரியில்.

கணக்கைப் பாருங்கள். ரொறன்ரோவில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதற்பாதியோடு முடியும், இலையுதிர்கால உறைபனி ஒக்டோபரில் வரும். இடையில் ஐந்து மாதம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் உறைபனி இல்லை என்பது மிளகாய்க்குப் போதாது. இரவு வெப்பம் 12, 13 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் செடி சாகாது, வளரவும் வளராது, பூவையும் உதிர்த்துவிடும். ஆகவே அது உண்மையில் வேலை செய்யும் காலம் யூன் தொடக்கம் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை, நூறு நாளுக்குச் சற்றுக் கூட. வானத்தைப் பார்த்துக் காய்க்கும் சின்னக் கொச்சி, வெளியே நட்ட நாளிலிருந்தே பழுக்க நூறு நாளுக்கு மேல் கேட்கும் இனம். அதற்கு முன் வீட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு கிழமை வளர்ந்திருக்கவும் வேண்டும். உங்கள் கன்று மண்ணுக்குப் போகும்போது அதற்கு நான்கு கிழமை வயதுகூட ஆகவில்லை.

இதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். விதைப் பைக்கற்றுகளைத்தான் சொல்வேன். "75 நாள்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அது விதை போட்ட நாளிலிருந்து அல்ல, வளர்ந்த கன்றை வெளியே நட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றுக்கும் அப்படித்தான். இதை நேரடியாகச் சொல்லும் ஒரு வரியைப் பல பைக்கற்றுகளில் காண முடியாது. ஏப்ரலில் 75ஐக் கூட்டி யூன், யூலையில் காய் என்று நம்பி ஏமாறாத புதுத் தோட்டக்காரர் அரிது. விதை விற்கிறவர்களுக்கு இது தெரியாததா? ஒரு வரி சேர்க்க இடமில்லையா?

சில பைக்கற்றுகளின் பின்பக்கத்தில் வண்ண வண்ணமாக ஒரு குளிர் வலய வரைபடமும் இருக்கும். மரமும் பல்லாண்டுச் செடியும் குளிர்காலத்தைத் தாங்குமா என்று சொல்லவே அது வரையப்பட்டது. ஒரே கோடையில் காய்த்து முடியும் மிளகாய்க்கு அது எதையும் சொல்லாது. "உங்கள் வலயத்துக்கு ஏற்ற மிளகாய்" என்று கூடுதல் விலை கேட்டால் வாங்காதீர்கள்.

இனி விதைக்கும் விதம். கொச்சிக்கும், ஹபனேரோ, ஸ்கொட்ச் பொனெற் போன்ற கடுங்காரக் குடும்பத்துக்கும் பெப்ரவரி முதற்பாதி. கயேன், ஹலபீனோ, நம் கறி மிளகாய் போன்றவற்றுக்கு மார்ச் நடுப்பகுதி போதும். மிளகாய் விதை முளைப்பதைத் தீர்மானிப்பது மண்ணின் சூடு. 27 முதல் 30 பாகை இருந்தால் ஒரு கிழமை, பத்து நாளில் தலை நீட்டும். கொச்சி இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். 20 பாகையில் அதே விதை மூன்று கிழமை கிடக்கும். யன்னலோரச் சாடியின் ஈர மண் அறைக் காற்றைவிடக் குளிர்ந்துதான் இருக்கும், அதுவும் கண்ணாடி அருகில் ஏப்ரல் இரவில் சொல்லவே வேண்டாம். உங்கள் விதை மூன்று கிழமை எடுத்ததன் காரணம் இது. அம்மாவின் விதை நல்ல விதை.

குளிர்சாதனப் பெட்டியின் மேல் வை என்று இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள். இன்றைய பெட்டிகள் பலவற்றின் மேற்பக்கம் சூடாவதே இல்லை. நாற்றுக்கென விற்கும் சூட்டு விரிப்பு ஒன்று வாங்குங்கள், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் சேர்த்து. கருவி இல்லாத விரிப்பு சில வீடுகளில் மண்ணை 35 பாகைக்கு மேல் ஏற்றி விதையை அவித்துவிடும். தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள், நாற்றழுகல் வரும். நாற்றுக் கலவையோ தென்னந் தும்புச்சோறோ போதும், அரை சென்ரிமீற்றர் ஆழம். முளை தெரிந்தவுடன் விரிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் பிறகு தேவை வெளிச்சம். அதற்கு ஊதா நிற விளக்கை மூன்று மடங்கு விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கராஜில் மாட்டும் வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கைக் கன்றுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். மார்ச் மாத யன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் கன்று நூல் மாதிரி நீண்டு விழும்.

விதையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் காசு பறிக்கும் வேலை அதிகம் நடப்பது இங்கேதான். இணையச் சந்தைகளில் நீல மிளகாய் விதை விற்கிறார்கள். பளிச்சென்ற நீலத்தில் பழுக்கும் மிளகாய் என்று ஒன்று இல்லை, படத்தின் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். கரோலினா ரீப்பர் என்ற இனம் 2013இல் உலகிலேயே மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸ் பட்டியலில் ஏறியதிலிருந்து அந்தப் பெயரில் சாதாரணச் சிவப்பு ஹபனேரோ விதை விற்கும் ஆட்களுக்குக் குறைவில்லை. வாங்கியவருக்குத் தெரியவர ஏழு மாதமாகும், அதற்குள் விற்றவரின் கணக்கே மறைந்துவிடும். 2020இல் யாரும் கேட்காத விதைப் பொதிகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடு வீடாகத் தபாலில் வந்தன. நடாதீர்கள் என்று கனடிய உணவு ஆய்வு முகமை அப்போது எச்சரித்தது. அதுபோல் ஏதாவது வந்தால் இன்றும் அதுதான் சொல்லவேண்டியது.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "ஊரிலிருந்து நேரே வந்த விதை" என்று கையெழுத்து ஒட்டிய சிறு பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. பலவற்றில் இருப்பது கடைச் செத்தல் மிளகாயிலிருந்து உதிர்த்த விதை. செத்தல் வெயிலில் காய்ந்ததா, சூளையில் காய்ந்ததா என்று விற்பவருக்கே தெரியாது. அதிகச் சூட்டில் காய்ந்தது முளைக்காது. முளைத்தாலும், அது கலப்பின மிளகாயாக இருந்தால் தாயைப் போலக் காய்க்காது. கறிக்கு வாங்கும் பச்சை மிளகாயின் விதையும் முற்றாத விதை. காய் சிவந்த பிறகு எடுத்த விதையே விதை. பத்து விதையை ஈரக் கடதாசியில் சுற்றி ஒரு பையில் போட்டுச் சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தது ஏழு முளைத்தால் நடலாம். பெப்ரவரி, மார்ச்சில் நடக்கும் சீடி சாட்டர்டே விதைப் பரிமாற்றங்களில் இங்கேயே விளைந்த விதை கிடைக்கும், விளைவித்தவரையே நேரில் கேட்கவும் முடியும். ஊரிலிருந்து கொண்டுவருவதானால் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். பைக்குள் ஒளித்து வராதீர்கள்.

கன்றாக வாங்கலாமா என்று கேட்டீர்கள். கறி மிளகாய்க்கு, ஹலபீனோவுக்கு, தாராளமாக வாங்கலாம். கொச்சிக்கு எச்சரிக்கை. மே மாதத்தில் உள்ளங்கை அளவுச் சாடியில் நாலைந்து காயோடு நிற்கும் கன்றைக் காட்டி இருமடங்கு விலை கேட்பார்கள். காய் இருக்கிறதே என்று எடுத்துவிடுவோம். அந்தக் காய் கன்றின் ஆரோக்கியத்துக்குச் சான்றல்ல, வேர் போக இடமில்லாமல் நெருக்கப்பட்டதற்குச் சான்று. அது வளவில் இறங்கியபின் ஒரு மாதம் அப்படியே நிற்கும். சாடியைச் சரித்து அடியைப் பாருங்கள். வேர் வெள்ளையாகச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். குட்டையான, தண்டு தடித்த, இலை கரும்பச்சையான, பூக்காத கன்றைக் கேட்டு வாங்குங்கள். "ஹொட் பெப்பர்" என்று மட்டும் எழுதி இனத்தின் பெயர் இல்லாத சாடியையும் வாங்காதீர்கள். ஏப்ரல் கடைசியிலேயே பெரிய கடைகள் மிளகாய்க் கன்றை வெளியே அடுக்கிவிடுகின்றன. குளிரில் விறைத்த கன்று செத்தால் அதை வாங்கியவரே மே கடைசியில் திரும்பி வந்து இன்னொன்று வாங்குவார். இதைக் கேட்பாரில்லை.

இவ்வளவும் விதையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு. உங்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதனால்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

மிளகாய் ஒரு வருடத்தோடு சாகும் செடி அல்ல. கிளிநொச்சியில் உங்கள் அம்மாவின் கொச்சி ஒரே மரமாக நாலைந்து வருடம் நின்றிருக்கும். கனடாக் குளிர்தான் அதை ஓராண்டுச் செடியாக்குகிறது. குளிர்காலத்தில் செடியை உள்ளே காப்பாற்றிவிட்டால், வரும் யூனில் நீங்கள் வெளியே வைப்பது தடித்த தண்டும் முதிர்ந்த வேரும் உள்ள செடி. அது யூலையிலேயே பூக்கும், ஓகஸ்ட், செப்டெம்பரில் பழுக்கும். பெப்ரவரியில் விதைக்கும் வேலையையே தாண்டிவிடுகிறீர்கள். கறி மிளகாய்க்கு இந்தச் சிரமம் தேவையில்லை, அது விதையிலிருந்தே நேரத்துக்கு வந்துவிடும். கொச்சிக்கும் ஹபனேரோ வகைக்கும் இது நிச்சயம் செய்ய வேண்டியது.

இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்குமுன் செய்யுங்கள், அதாவது இந்த மாதக் கடைசிக்குள். நான்கில் இரண்டைத் தெரிந்தெடுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் அது தவறிப்போனால் எல்லாம் போயிற்று. இலை சுருண்டு மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கும் செடியை, எவ்வளவு காய்த்திருந்தாலும், எடுக்காதீர்கள். அது வைரஸாக இருக்கக்கூடும். காய் முழுவதையும் பறித்துவிடுங்கள். செடியைத் தண்டு இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, பிரிந்த கிளைகளில் இரண்டு மூன்று கணு மிஞ்சும்படி வெட்டுங்கள். ஒரு சாண் உயரக் குச்சிதான் மிஞ்சும். வெட்டக் கை கூசும், வெட்டுங்கள். வேரோடு தோண்டி, தோட்ட மண்ணை உதறி, வேரைத் தண்ணீரில் அலசி, புதுச் சாடிக் கலவையில் வையுங்கள். அலசுவதை விட்டுவிடாதீர்கள். தோட்ட மண்ணோடு பூச்சியும் முட்டையும் உள்ளே வந்தால் ஜனவரிக்குள் வீட்டிலுள்ள எல்லாச் செடிக்கும் பரவும். தண்டையும் பூச்சிகொல்லிச் சவர்க்காரக் கரைசலால் துடையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம்.

வைக்கும் இடம்தான் பலர் தவறும் இடம். 10 முதல் 13 பாகை வரை குளிர்ந்த, கொஞ்சம் வெளிச்சம் வரும் பேஸ்மென்ட் யன்னல் மிக நல்லது. ஃபர்னஸ் அறை வேண்டாம், இருட்டில் சூடு இருந்தால் வெளிறிய தளிர்கள் விட்டுச் செடி தன் சேமிப்பைக் கரைத்துவிடும். சூடில்லாத கராஜும் வேண்டாம், ஜனவரி இரவு ஒன்றில் வேர் உறையும். குளிர்ந்த இடம் இல்லாதவர்கள் அறைச் சூட்டில் விளக்கின் கீழ் வைத்து வளரவிடலாம், தண்ணீரும் கவனமும் கூட வேண்டும். குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை சிறு கோப்பைத் தண்ணீர் போதும். இலை எல்லாம் உதிரும், பயப்பட வேண்டாம். சந்தேகமிருந்தால் தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. மார்ச் நடுவில் சூட்டுக்கும் விளக்குக்கும் கொண்டுவாருங்கள். தளிர் வந்தபின் ஐதான பசளை. இலை தெரியுமுன் பசளை வேண்டாம்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும் மாடி வீட்டுக்காரர்களுக்கும் இது கைகொடுக்கும், ஏனென்றால் இதற்கு ஓரிரு சாடிக்கு மேல் இடம் தேவையில்லை. மாநகரம் ஒதுக்கித் தரும் தோட்டத் துண்டுக்கு ஆட்கள் வருடக்கணக்காகப் பட்டியலில் காத்திருக்கிறார்கள். கிடைத்தவருக்கும் அங்கே நாற்று வளர்க்கச் சூடான ஒரு மூலை கிடையாது.

வெளியே நடுவதைப் பற்றி: விக்டோரியா தினம் தக்காளிக்குச் சரி, கொச்சிக்கு இன்னும் ஒன்றிரண்டு கிழமை பொறுங்கள். நாட்காட்டியை விட்டு இரவு வெப்பத்தைப் பாருங்கள். ஒரு கிழமை, பத்து நாள் பகலில் வெளியே நிழலில் வைத்துப் பழக்குங்கள். நிலத்தைவிட 20 லீற்றர் கறுப்புச் சாடி நல்லது, மண் சீக்கிரம் சூடேறும், குளிர்ந்த இரவில் தூக்கி உள்ளே வைக்கலாம். ஓகஸ்ட் நடுவுக்குப் பின் வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள், அது பழமாகாது.

இப்போது செடியில் இருக்கும் காயில் நிறம் மாறத் தொடங்கியது ஏதாவது இருந்தால் பறித்துச் சமையலறையில் வையுங்கள், சிவக்கும். முழுப் பச்சை பெரும்பாலும் சிவக்காது. அதை ஊறுகாய் போடுங்கள், காரம் போதுமானதாகவே இருக்கும்.

போத்தலுக்கு வருகிறேன். அப்படிப்பட்ட ஊக்கிகள் பலவற்றில் இருப்பது நைதரசன். செப்டெம்பரில் அது இலையைத்தான் வளர்க்கும், காயைப் பழுக்க வைக்காது. எப்சம் உப்புப் போடு என்று அடுத்து யாராவது சொல்வார்கள். மண்ணில் மக்னீசியம் குறையாதபோது அதைப் போட்டால் கல்சியம் உள்ளே போவது தடைப்பட்டுக் காயின் நுனி அழுகக்கூடும். போத்தலை இன்னும் திறக்கவில்லை என்கிறீர்கள். பற்றுச்சீட்டோடு திருப்பிக் கொடுங்கள். அந்தக் காசில் ஒரு பை சாடிக் கலவை வாங்கலாம், இந்தக் கிழமையே தேவைப்படும்.