இனிப்பும் புளிப்பும் இணங்கும் அளவு: பருவகாலப் பானங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை

வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து, பழங்களையும் இலைகளையும் கலந்து வீட்டிலேயே செய்யும் குளிர்பானங்கள் குறித்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலரும் கேட்டிருக்கும் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இவ்விதழில் விடையளிக்கிறேன். இங்கே சொல்லப்படும் பானங்கள் அனைத்தும் மது சேராதவை.

கேள்வி: எலுமிச்சையும் புதினாவும் சேர்த்துச் செய்யும் சோடா ஒரு நாள் பல் கூசும் அளவுக்குப் புளிக்கிறது, மறுநாள் திகட்டுகிறது. ஒரே சுவை வருவதற்கு நிலையான அளவு ஏதேனும் உண்டா? (வாசகி, மதுரை)

உண்டு. அந்த அளவு கைவசமாவதற்கு, சர்க்கரையைக் கரண்டியால் நேரடியாகக் குவளையில் போடும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். குளிர்ந்த நீரில் சர்க்கரை மெதுவாகத்தான் கரையும். அடியில் தங்கிய சர்க்கரையை அறியாமல் மேலும் ஒரு கரண்டி போடுகிறோம், கடைசி மடக்கில் அது முழுவதும் நாக்கில் வந்து விழுகிறது. எடை அளவில் சர்க்கரையும் நீரும் சம பங்கு எடுத்து, கரையும் வரை மட்டும் சூடாக்கி, ஆறவைத்துப் புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாகு இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும்.

அடுத்தது எலுமிச்சை. சந்தையில் கிடைக்கும் சிறிய நாட்டு எலுமிச்சையில் ஏறத்தாழ 15 முதல் 20 மி.லி. வரை சாறு வரும். பழத்துக்குப் பழம் இது மாறும் என்பதால் ‘இரண்டு பழம்’ என்று கணக்கிடாமல் சாற்றை அளந்தே ஊற்ற வேண்டும். 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, 30 மி.லி. பாகு, 150 மி.லி. நீர் அல்லது சோடா, ஒரு சிட்டிகை உப்பு: இதிலிருந்து தொடங்குங்கள். அதன்பின் உங்கள் வீட்டாரின் நாக்குக்கு ஏற்பப் பாகை 5 மி.லி. கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். உப்பைத் தவிர்க்க வேண்டாம். அது நாக்கில் தனியாகத் தெரியாத அளவில் இருக்கும்போதே கசப்பை அடக்கிப் பழத்தின் சுவையை முன்னுக்குக் கொண்டுவருகிறது.

பெரும்பாலோர் கணக்கில் சேர்க்காத பொருள் ஒன்று இருக்கிறது: பனிக்கட்டி உருகி வரும் நீர். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் தேவை. ஒரு கிராம் நீரை ஒரு பாகை (டிகிரி) செல்சியஸ் குளிர்விக்க ஒரு கலோரி வெப்பத்தை நீக்கினால் போதும். அறைச் சூட்டில், அதாவது 30 பாகை செல்சியஸில் இருக்கும் 200 மி.லி. பானத்தை 5 பாகைக்குக் குளிர்விக்க ஏறக்குறைய 60 கிராம் பனிக்கட்டி உருகித் தீர வேண்டும் என்பதே இதன் பொருள். நீங்கள் அளந்து ஊற்றிய நீரோடு மேலும் 60 மி.லி. நீர் சேர்ந்துவிட்டால் எந்த அளவும் கலைந்துபோகத்தானே செய்யும்? சாறு, பாகு, சோடா மூன்றையும் முன்கூட்டியே 8 பாகை அளவுக்குக் குளிரவைத்திருந்தால் உருகும் பனி பத்து கிராமைக்கூட எட்டாது. உங்கள் பானம் நாளுக்கு நாள் மாறியதற்கு எலுமிச்சையைவிட இதுவே பெரிய காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சாற்றைப் பானம் கலக்கும் அன்றே பிழியுங்கள். நாள் கடந்த சாற்றில் புளிப்பு இருக்கும், மணம் இருக்காது. விதையை நசுக்காமலும், தோல் கந்தலாகும் அளவுக்கு அழுத்தாமலும் பிழிந்தால் கசப்பு இறங்காது.

கேள்வி: புதினாவை நன்றாக இடித்துப் போட்டும் மணம் குறைவாகவும் பச்சைக் கசப்பு அதிகமாகவும் இருக்கிறதே, ஏன்? (வாசகர், தஞ்சாவூர்)

நன்றாக இடித்ததுதான் காரணம். புதினாவின் மண எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள மிக நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. அவை உடைவதற்கு லேசான அழுத்தமே போதும். இலை கூழாகும்போது உள்ளிருக்கும் பச்சையச் சாறும் சேர்ந்து வெளிப்பட்டு, நீங்கள் சொல்லும் கசப்பைத் தருகிறது. கியூபாவின் ஹவானா நகரத்தோடு பெயர் இணைந்துபோன மொஹீட்டோ என்னும் புதினாப் பானத்திலும் இதே கவனம் தேவை: இலைகளைப் பாகோடு சேர்த்து மத்தின் அடியால் நான்கைந்து முறை அழுத்தினால் போதுமானது. கைக்குள் இலைகளை வைத்து ஒரு முறை தட்டிவிட்டு அப்படியே போடுவதும் நல்ல முறைதான். தண்டுகளை நீக்கிவிடுங்கள்.

புதினா தரும் குளிர்ச்சி பானத்தின் வெப்பநிலையால் மட்டும் வருவதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஏற்பியையே மெந்தால் தூண்டுகிறது. அந்த ஏற்பியை மெந்தாலின் துணையோடு தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் ஆகிய இருவரும் வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள். பனிக்கட்டியைக் குறைத்துப் புதினாவைச் சற்றுக் கூட்டினாலும் நல்ல குளிர்ச்சி தெரிவதற்கு இதுவே காரணம். தொண்டை பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சும் வீடுகளுக்கு இது உதவும்.

கேள்வி: ஆண்டு முழுவதும் எலுமிச்சையையே பிழிந்துகொண்டிருக்கிறோம். எந்தப் பருவத்தில் எதை வைத்துப் பானம் செய்யலாம்? (வாசகி, கோயம்புத்தூர்)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத விரும்பினேன். சிவப்பும் பச்சையுமாகப் புட்டிகளில் வரும் செயற்கைச் சாரங்களை வாங்கிவைத்துக்கொண்டு, தெருமுனையில் கூடையில் இருக்கும் பழத்தைக் கடந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்தந்தப் பருவத்துப் பழம் மலிவாகவும் முழு மணத்தோடும் கிடைக்கும். அதற்கு நாம் சேர்க்க வேண்டியது மிகக் குறைவு.

சித்திரையிலும் வைகாசியிலும் மாங்காயே முதன்மை. எலுமிச்சை விலை ஏறும் காலத்தில் புளிப்புக்கு அதைவிட நல்ல மாற்று இல்லை. நல்ல புளிப்புள்ள ஒரு மாங்காயைத் தோலோடு தணலில் அல்லது அடுப்புச் சுடரில் சுட்டு, சதையை வழித்து, வறுத்துப் பொடித்த சீரகமும் உப்பும் பனைவெல்லப் பாகும் சேர்த்துக் கலக்கினால், சுட்ட தோலின் லேசான புகைமணம் அந்தப் பானத்துக்கு ஓர் ஆழத்தைக் கொடுக்கிறது. வேகவைத்த மாங்காயில் அது வராது. நுங்குக்குத் தனக்கென வலுவான சுவை இல்லாததால் அதன்மீது எதையும் அள்ளிக் கொட்டக் கூடாது. இளநீரில் நுங்கை மசித்துச் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். தர்பூசணி தானே நீராக இருப்பதால் தண்ணீர் சேர்க்காமல், 200 மி.லி. சாறுக்கு 10 மி.லி. எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து, இரண்டு திருநீற்றுப்பச்சிலை இலைகளைக் கசக்கிப் போடுங்கள், சர்க்கரை வேண்டியதில்லை. அதே செடியின் விதைதான் சப்ஜா என்று கடைகளில் கிடைக்கிறது. நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நன்றாக உப்பிய பிறகே சேர்க்க வேண்டும்.

ஆனி, ஆடியில் நாவல்பழம். அதன் துவர்ப்பை வெல்ல நினைத்துச் சர்க்கரையைக் கொட்டுபவர்கள் பழத்தையே இழந்துவிடுகிறார்கள். கொட்டை நீக்கிய சதையை உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்து, பிறகு மசித்து வடிகட்டி, பாகும் எலுமிச்சைச் சாறும் அளவாகச் சேர்த்துச் சோடா ஊற்றினால், ஊதா நிறம் புளிப்பு பட்டு சிவப்பை நோக்கி மாறுவது கண்ணுக்கும் விருந்து. சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்த நீலச் சாறும் எலுமிச்சை பட்டதும் இவ்வாறே ஊதாவாகும். ஆனால் சங்குப்பூவில் சுவை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நிறத்துக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விநாயகர் சதுர்த்தியை ஒட்டி வரும் விளாம்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து உண்பதோடு நிறுத்திவிடுகிறோம். அதே கலவையை நீர் விட்டுக் கரைத்து, நன்றாக வடிகட்டி, ஏலக்காய் தட்டிப்போட்டால் புளிப்பும் இனிப்பும் ஏற்கெனவே பொருந்தியிருக்கும் பானம் கிடைக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பெருநெல்லிக்காய் கிடைக்கும்; அதனோடு இஞ்சித் துண்டும் கறிவேப்பிலையும் சேர்த்து அரைத்து வடிகட்டி, உப்பும் தேனும் கலந்து, பனிக்கட்டி இல்லாமலே பருகலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது.

எல்லாப் பருவத்துக்கும் உரியதாக ஒன்றைச் சொல்வதென்றால் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைச் சொல்வேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சை அங்கே ஆண்டில் பல முறை அறுவடையாகிறது. இதன் நிறமும் மணமும் தோலில் இருப்பதால், பச்சையாக அரைக்காமல், சிறிதளவு நீரில் தோல் வெடிக்கும் வரை மட்டும் சூடாக்கி, மசித்து வடிகட்டிக் குளிரவையுங்கள். சம அளவு சோடாவும் சிறிது எலுமிச்சைச் சாறும் போதும்.

கேள்வி: அன்னாசிப்பழத்தைப் பாலோடு அடித்து வைத்தால் சிறிது நேரத்தில் கசந்துவிடுகிறது. பால் கெட்டுப்போனதா? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பால் கெடவில்லை. அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமலின் என்னும் நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தைத் துண்டாக்கும்போது கசப்புச் சுவையுள்ள துணுக்குகள் உண்டாகின்றன. பழத்துண்டுகளைச் சிறிது நேரம் கொதிக்கவைத்து ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். பச்சைப் பழத்தின் மணமே வேண்டும் என்றால் பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலைச் சேர்த்து உடனே பருகிவிடுங்கள்.

கேள்வி: மது சேர்க்காத கலவையைக் காக்டெய்ல் போலப் பரிமாறினாலும், கடைசியில் அது வெறும் பழச்சாறாகத்தானே இருக்கிறது? (வாசகர், சென்னை)

அப்படி இருந்தாக வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் 1806இல் வெளியான ஓர் இதழ், காக்டெய்ல் என்பது மது, சர்க்கரை, நீர், கசப்புச் சாரம் ஆகியவற்றின் கலவை என்று வாசகர் ஒருவரின் கேள்விக்கு விளக்கம் தந்தது. அந்த நான்கில் மது மூன்று வேலைகளைச் செய்கிறது: தொண்டையில் ஒரு காரம் தருகிறது, வாயில் கனமாக நிற்கிறது, மணப்பொருள்களைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்கிறது. மதுவை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காதபோதுதான் பழச்சாறு மட்டும் எஞ்சுகிறது. அந்த மூன்று வேலைகளையும் செய்யக்கூடியவை நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன.

காரத்துக்கு இஞ்சிச் சாறும் ஒன்றிரண்டாக உடைத்த மிளகும் உண்டு. இஞ்சிச் சாற்றை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் வெள்ளை மாவை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுங்கள். வாயில் நிற்கும் கனத்துக்குத் துவர்ப்பு வேண்டும். நீலகிரித் தேயிலையைப் பால் இல்லாமல் கொஞ்சம் அழுத்தமாக வடித்துக் குளிரவைத்தால் அந்தத் துவர்ப்பு கிடைக்கும். மணத்துக்கு நார்த்தங்காய், சாத்துக்குடி, ஆரஞ்சு ஆகியவற்றின் தோல் இருக்கிறது. வெள்ளைப் பகுதி வராமல் மேல்தோலை மட்டும் சீவி, 100 கிராம் சர்க்கரையோடு கையால் அழுத்திப் பிசைந்து மூடி, ஓர் இரவு வையுங்கள். சர்க்கரை தோலின் எண்ணெயை இழுத்துக்கொண்டு ஈரமாகி நிற்கும். அதில் சிறிது வெந்நீர் விட்டு வடித்தால் எந்தக் கடைச் சாரத்தாலும் ஈடுசெய்ய முடியாத பாகு கிடைக்கும். 60 மி.லி. தேநீர், 30 மி.லி. இந்தப் பாகு, 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி இஞ்சித் தெளிவு ஆகியவற்றைப் பனிக்கட்டியோடு மூடியுள்ள பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கி வடித்து, 60 மி.லி. சோடா சேர்த்துப் பாருங்கள். இதை மெதுவாகத்தான் பருக முடியும். விருந்துக்கான பானத்துக்கு அதுவே தகுதி என்பது என் கருத்து.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு இருபது பேர் வருகிறார்கள். முன்கூட்டியே எதையெல்லாம் செய்து வைக்கலாம்? (வாசகி, நாகர்கோவில்)

பாகு, தோல் சர்க்கரை, தேநீர், வடிகட்டிய திராட்சைச் சாறு ஆகியவற்றை முதல் நாளே செய்து குளிரவைக்கலாம். எலுமிச்சையை அன்று காலையில் பிழிந்தால் போதும். வெள்ளரி, தர்பூசணி, புதினா ஆகியவற்றைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன் தொட வேண்டாம். இருபது பேருக்கு 400 மி.லி. எலுமிச்சைச் சாறும் 600 மி.லி. பாகும் கலந்து ஒரே பாத்திரத்தில் வைத்துவிட்டு, குவளைக்கு 50 மி.லி. வீதம் ஊற்றி, மேலே சோடா சேர்த்துக்கொள்ளலாம்.

சோடாவைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி வைக்காதீர்கள். சூடு ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும் என்பதால், குளிர்ந்த சோடாவைக் குவளையின் ஓரமாகக் கடைசியில் ஊற்றுவதே சரி. உப்பைச் சோடாவுக்குப் பிறகு தூவினால் நுரை பொங்கி வழியும்; அதைப் பாகிலேயே கரைத்துவிடுங்கள். பனிக்கட்டியைக் கொதித்து ஆறிய நீரில் வீட்டிலேயே பெரிய கட்டிகளாக உறையவிடுங்கள். பெரிய கட்டி மெதுவாக உருகும் என்பதோடு, வெளியில் வாங்கும் பாளப் பனி எந்த நீரில் உறைந்தது என்ற கவலையும் இராது.

கேள்வி: நீரிழிவு உள்ளவர்களுக்கு இவற்றில் எதைக் கொடுக்கலாம்? (வாசகர், சேலம்)

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகத் தேனோ வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்தால் ஆகும் என்ற எண்ணம் தவறு. அவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே. வடிகட்டிய பழச்சாற்றில் நார்ச்சத்து பெரிதும் நீங்கிவிடுவதால், பழத்தை அப்படியே உண்பதைவிட அது வேகமாக இரத்தத்தில் சேரும். மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, வெள்ளரித் துருவல் சேர்த்து உப்போடு கொடுப்பது நல்லது. இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அந்த உப்பையும் குறைக்க வேண்டும். விருந்தில் மற்றவர்களோடு சேர்ந்து குவளை ஏந்த விரும்புபவருக்குப் பாகு சேர்க்காமல், 10 மி.லி. எலுமிச்சைச் சாறும் தட்டிய புதினாவும் மிளகும் போட்டுச் சோடா ஊற்றிக் கொடுங்கள். புளிப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டதால் இனிப்பு இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. எந்தப் பழம் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.