‘துருக்கி இரவு’ என்றால் என்ன? ஒரே இரவில் ஏன் இத்தனை விதமான ஆட்டங்கள்?

துருக்கியின் கப்படோசியாவில், பாறையைக் குடைந்த கூடத்தில், இரவுச் சாப்பாட்டோடு கிராமிய ஆட்டமும் இசையும் நடக்கும் நிகழ்ச்சிதான் ‘துருக்கி இரவு’. இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை ஊர்க் கல்யாணங்களில் ஆடப்படுபவை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் ஆட்டம் உண்டு. பல ஊர்க் கல்யாணங்களை ஒரே பந்தலில் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளின் ஹாலாயில் வரிசையாகக் கைகோத்து ஆடுவார்கள். முன்னால் நிற்பவர் கைக்குட்டையைச் சுழற்றுவார். கருங்கடல் கரையின் ஹோரோன் படுவேகம், உடம்பே அதிரும். ஏஜியன் பக்கத்து ஸெய்பெக் அதற்கு நேரெதிர். கைகளை விரித்து, பருந்து வட்டமிடுவது போல மெதுவாகச் சுற்றி, ஒரு முழங்காலைத் தரையில் தொட்டு எழுவார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

இந்த ஆட்டங்களுக்கு வாசிக்கும் ஸுர்னா நம் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் கருவி. கூட வரும் தாவுல் மேளத்தை ஒரு பக்கம் தடித்த கோலாலும் மறுபக்கம் மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். திறந்தவெளிக்கான சத்தம் என்பதால், மூடிய கூடத்தில் நெஞ்சுக்குள் இடிக்கும்.

சாப்பாடு மெதுவாகத்தான் வரும். முதலில் மெஸே என்ற சின்னச் சின்னத் தட்டுகள், அப்புறம் கறி. சில இடங்களில் மண்குடுவையில் வெந்த கறியை, குடுவையை உடைத்துப் பரிமாறுவார்கள்.

நிகழ்ச்சியில் சிலர் வெள்ளை உடையில் சுழல்வதையும் பலர் நடனம் என்றே நினைக்கிறார்கள். அது ‘செமா’ என்னும் மெவ்லவி என்ற சூஃபிப் பிரிவினரின் வழிபாடு, அந்த நேரத்தில் கைதட்ட வேண்டாம்.