மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுத்ததற்காகக் காவல் நிலையத்துக்கு அழைத்தால்

கேள்வி: தங்கச்சிமடத்தில் என் தம்பி சிறிய செல்போன் கடை வைத்திருக்கிறார். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்பதால், விசைப்படகுத் தொழிலாளர்கள் மெமரி கார்டில் படமும் பாட்டும் ஏற்றித் தரச் சொல்வார்கள். அதற்குச் சிறு தொகை வாங்குவார். அவர் அட்மினாக இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் பலர் புதுப்பட லிங்க் போட்டிருக்கிறார்கள். இப்போது காவல் நிலையத்திலிருந்து போனில் பேசி, செல்போனையும் கடைக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். என்ன செய்வது? பாஸ்வேர்டு கேட்டால் கொடுத்தாக வேண்டுமா?

பதில்: முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெறாமல் படத்தைப் பிரதி எடுத்துக் காசுக்குக் கொடுப்பது, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி குற்றம். தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார ஆதாயம் இல்லாமல் செய்தவருக்குத் தக்க காரணங்களைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கடையில் வைத்துக் காசு வாங்கிய உங்கள் தம்பி அந்தச் சலுகையை எளிதில் கேட்க முடியாது. இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்துள்ளது. ஜாமீனே கிடைக்காது என்று இதற்குப் பொருளில்லை. காவல் நிலையத்திலேயே அதை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்பதே பொருள். அழைப்பு வந்திருக்கும் இந்த நிலையிலேயே முன்ஜாமீன் பற்றி வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

அவரிடம் கார்டு வாங்கிப் படம் பார்த்த படகுத் தொழிலாளர்கள் அஞ்ச வேண்டிய அளவு குறைவு. குற்றம் பார்ப்பதில் இல்லை, அனுமதியின்றிப் பரப்புவதிலும் பொதுவில் திரையிடுவதிலும் விற்பதிலும்தான் இருக்கிறது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2016இல் தெளிவுபடுத்தியது. வாட்ஸ்அப் குழுவைப் பொறுத்தவரை, அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலைப்பாட்டை நம் வட்டாரத்துக்குரிய சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வேறு வகையான ஒரு பதிவு தொடர்பான வழக்கில், 2021 டிசம்பரில் எடுத்திருக்கிறது. ஆனால் தம்பியே லிங்க் போட்டிருந்தால் அந்தத் தீர்ப்பு அவரைக் காக்காது.

போனில் கூப்பிட்டார்கள் என்பதற்காகக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியமில்லையென்றால் எழுத்துப்பூர்வ அறிவிப்பு கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும் என்பதைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. எனவே, "எழுத்தில் கொடுங்கள், வழக்கறிஞருடன் வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அறிவிப்பு வந்துவிட்டால் தவறாமல் போக வேண்டும். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். இதற்கிடையில் எதையும் அழிக்கக் கூடாது. மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகாதபடி அழிப்பது தனிக் குற்றம். பயத்தில் படங்களை அழிப்பவர் ஒரு வழக்கை இரண்டாக்கிக்கொள்கிறார்.

பறிமுதல்தான் இந்த விவகாரத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது. சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, திருட்டுப் பிரதிகளையும் அவற்றை உருவாக்கப் பயன்பட்ட கருவிகளையும் வாரண்ட் இல்லாமலே கைப்பற்றலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த அதிகாரம் பிரதிகளுக்கும் கருவிகளுக்கும் உரியது. கடையில் உள்ள அனைத்துக்கும் உரியதாகாது. செல்போன் கடையில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழுது பார்க்கக் கொடுத்த பாம்பன், மண்டபம் ஆட்களின் போன்கள், சிம் வாங்க வந்தவர்களின் ஆதார் நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு மீனவரின் போனில் குடும்பத்துப் பெண்களின் படங்கள் இருக்கும், கடலில் மீன்பாடு கிடைத்த இடங்களின் குறிப்பு இருக்கும், இலங்கைக் கடற்படையிடம் சிக்கியவர்களைப் பற்றி உறவினர்களும் சங்கத்தாரும் பேசிய பேச்சு இருக்கும். ஒரு திரைப்படப் பிரதியைத் தேடும் வழக்கில் இவற்றையெல்லாம் புரட்டிப் பார்ப்பதற்கு நியாயமில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்றும், அரசு அதில் தலையிடுவதானால் தேவைக்கு மிஞ்சாமல் தலையிட வேண்டும் என்றும் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்தது, கடைக்கு வந்துபோகும் இந்த எளிய மனிதர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே, பழுதுக்கு வந்த போன்களின் பட்டியலை உரிமையாளர் பெயரோடும் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணோடும் இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். சோதனை நடந்தால் அந்தப் பட்டியலைக் காட்டி, யாருடைய பொருள் எது என்பதை மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருட்களைக் குறிக்கும் காவல்துறை ஆவணத்தில், எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்வது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி கட்டாயம். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கைப்பற்றினால், அதன் ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொள்ளுமாறு கேட்கலாம். பின்னால் யாரும் உள்ளே எதையும் சேர்க்கவில்லை என்று காட்ட உதவும் எண் அது. பறிமுதலான பொருளில் உரிமை உள்ளவர் 15 நாட்களுக்குள் நடுவர் நீதிமன்றத்தில் திருப்பிக் கேட்டு மனு செய்யலாம். இந்தக் கெடுவைப் பலர் தவறவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(3) கூறு சொல்கிறது. மனத்தில் உள்ள பாஸ்வேர்டைச் சொல்ல வைப்பதும் அதற்குள் அடங்கும் என்பது என் கருத்து. நீதிமன்ற உத்தரவு பெற்றுக் கேட்கலாம் என்று கருதிய நீதிபதிகளும் உண்டு. பிடிவாதமாக மறுப்பதைவிட, "நீதிமன்ற உத்தரவு இருந்தால் வழக்கறிஞர் மூலம் பதில் தருகிறேன்" என்பது பாதுகாப்பான பதில்.

திரைத்துறையின் நட்டம் உண்மையானது; அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் நட்டத்துக்கு ஈடு தேடும் வேகத்தில் தண்டனை எல்லை மீறியதற்கு உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 24 பாடல்களைப் பகிர்ந்ததற்காக ஒரு பெண்ணுக்கு 2007இல் 2,22,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது; மறுவிசாரணையில் ஜூரி அதை 19,20,000 டாலராக உயர்த்தியது; மேல்முறையீட்டில் 2012இல் பழைய தொகையே நின்றது. அங்கே ஆயிரக்கணக்கானோர் இப்படியான தொகைக்கு அஞ்சி நீதிமன்றம் போகாமலே பணம் கட்டினார்கள். இங்கே 2017இல், திருட்டுப் படங்களைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பேரில், பழைய நூல்களையும் இணையப் பக்கங்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமே இந்தியாவில் சில நாட்கள் முடங்கியது.

பட நிறுவனத்தின் ஆள் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்து, "இவ்வளவு கொடுத்தால் விட்டுவிடுகிறோம்" என்று பேசினால், கையில் பணம் கொடுக்க வேண்டாம். தனியாருக்குச் சோதனையிடும் அதிகாரம் கிடையாது. உண்மையான சமரசம் என்றால் அது வழக்கறிஞர்கள் வழியாக எழுத்தில் நடக்கும். தேவைப்பட்டால் மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் இராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள் அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். காவலில் வைக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. படம் ஏற்றிக் கொடுப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். இரண்டாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தபட்சச் சிறையே ஓராண்டு.