மெயிலுக்கு அடியில் விளம்பரம்: காசு கொடுக்கும் முன்

கேள்வி: பெயர், போன் எண், முகவரி எல்லாவற்றையும் ஒரே படமாக்கி டிசைனர் மெயிலின் அடியில் வைக்கும் கையொப்பம் செய்து கொடுத்திருக்கிறார். அழகாக இருக்கிறது. மீதிப் பணம் கொடுக்கலாமா?

பதில்: எழுத்தாக மாற்றித் தந்தபிறகு கொடுங்கள். படங்கள் தானாகத் திறக்காத மெயில் பெட்டியில் உங்கள் பெயர்கூடத் தெரியாது. போன் எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது.

கேள்வி: கையொப்பம் செய்து தரும் இணையச் சேவைக்கு மாதச் சந்தா கட்டி வந்தோம். நிறுத்தியதும், முன்பு அனுப்பிய மெயில்களில்கூட லோகோ போய் வெறும் கட்டம்தான் தெரிகிறது. இது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. உங்கள்மேல் தவறும் இல்லை; விற்கும்போதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். லோகோ இருந்தது அவர்களுடைய சர்வரில். மெயிலோடு போனது அந்தப் படத்தின் முகவரி மட்டும். அங்கே அழித்துவிட்டால் பழைய மெயில்களிலும் படம் வராது. என்னிடமும் ஒரு நிறுவனம் இதே வேலையைக் காட்டியது. கேட்டதற்கு, விதிமுறையில் இருக்கிறதே என்றார்கள். யாரும் படிக்காத இடத்தில் எழுதி வைத்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டுவதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

லோகோவை உங்கள் சொந்த இணையதளத்தில் ஏற்றி, கையொப்பத்தில் அந்தப் படத்தின் முகவரியைக் கொடுங்கள். ஜிமெயில், அவுட்லுக் இரண்டிலுமே கையொப்பம் அமைக்கத் தனிக் கட்டணம் கிடையாது. ஓரிருவர் உள்ள தொழிலுக்கு அதுவே தாராளம். நிறைய ஊழியர்களின் கையொப்பத்தை ஒரே இடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றால்தான் சந்தாவுக்கு அர்த்தம் உண்டு. பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஆள் குறைந்தால் தொகை குறையுமா, விலகும்போது எச்டிஎம்எல்லும் (கையொப்பத்தை எழுதிய கோடு) படங்களும் கைக்கு வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: இலவசச் சேவை ஒன்றில் செய்து அலுவலகம் முழுக்கப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அவர்கள் விளம்பரம் வருகிறது!

பதில்: உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இது பழைய வழி. 1996இல் தொடங்கிய ஹாட்மெயில், பயனர்கள் அனுப்பிய மெயில்களின் அடியில் தன் விளம்பர வரியைச் சேர்த்துத்தான் வேகமாகப் பரவியது. அந்த வரியை எடுக்கக் காசு கேட்பார்கள். கொடுக்காதீர்கள், கையொப்பத்தையே மாற்றுங்கள்.

கேள்வி: ஆறு சமூக வலைதள ஐகான், ஒரு பொன்மொழி, ரகசியக் காப்பு அறிவிப்பு இருக்கின்றன. இன்னும் என்ன சேர்க்கலாம்?

பதில்: ஒன்றும் வேண்டாம். முதலில் பொன்மொழியை எடுங்கள். இணைய நாகரிகம் பற்றி 1995இல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற வழிகாட்டி ஆவணம், கையொப்பம் நாலு வரியைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

கேள்வி: கையொப்பத்தில் பேனர் வைத்தால் விற்பனை கூடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அளந்து பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. பேனருக்கான இணைப்பில், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் யுடிஎம் குறியீடு சேர்த்தால், அதை அழுத்தி எத்தனை பேர் வந்தார்கள் என்று உங்கள் தளத்தின் வருகையைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸ் காட்டிவிடும். இரண்டும் இலவசம். பேனரும் ஒன்று, இணைப்பும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். முடிந்துபோன சலுகையைக் கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டிவரும்.